துவாதசிக் காலையில் வயிற்றில் இருந்தது

ஒருத்தி தன் வயிற்றைப் பற்றிச் சொல்வதற்குச் சாட்சி யார்? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். காயம் என்றால் கண்ணுக்குத் தெரியும். "பசிக்கிறது", "நான் சாப்பிடவில்லை" என்ற இரண்டுக்கும் சொல்கிறவருடைய வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மெலிந்தவர்கள் சொன்னால் உலகம் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பருமனானவர்கள் சொன்னால் ஒரு முறை அவர்கள் இடுப்பைப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்கிறது.

ஹம்சவேணி அந்த "அப்படியா"வைக் கேட்டே வளர்ந்தவள். மதுரையில் மகால் பக்கத்துச் சந்து ஒன்றில், சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அவளோடு டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கினார்கள். கல்யாண வீட்டில் சீர்த்தட்டிலிருந்து லட்டு குறைந்தால் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்கள். சிரிப்பு இருந்ததால் அதைக் குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. மறுக்கவும் முடியாது. கூட்டத்தில் கொஞ்சமாகச் சாப்பிடவும் வீட்டுக்கு வந்து மீதியைச் சாப்பிடவும் அவள் பழகிக்கொண்டாள். அதைப் பார்த்தவர்கள், தங்கள் சந்தேகம் சரிதான் என்று முடிவு கட்டினார்கள்.

கல்யாணமாகி ஒத்தக்கடையில் புதிதாகப் பிளாட் போட்ட பகுதிக்கு வந்தாள். யானைமலைக்கு எதிரே மாடி வீடு. கீழே அவளும் கணவன் வெங்கடேஷ்பாபுவும். மாடியில் அவனுடைய அக்கா பத்மாசினி, கணவரை இழந்தவர். அவன் விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்த்தான். இவள் கூடத்தில் ஹிந்தி டியூஷன் எடுத்தாள். குழந்தை இல்லை. அதற்கும் காரணம் இவளுடைய உடம்புதான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வீட்டில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. பத்மாசினி மாடியில் ஒரு பஜனைக் கோஷ்டி நடத்தினார். ஏகாதசிக்கு ஏகாதசி அந்தப் பெண்கள் கூடிப் பாடுவார்கள். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து விரதத்தை முடிப்பார்கள். பாலும் பழமும்கூடத் தொடாமல், துளசித் தீர்த்தம் மட்டும் குடித்து ஏகாதசி இருந்தவள் யாரோ, அவளே கரண்டியைக் கையில் எடுத்து மற்ற இலைகளுக்கு முதல் கீரையைப் பரிமாற வேண்டும் என்பது அந்தக் கோஷ்டியின் வழக்கம். பல வருஷமாக அந்தக் கரண்டி ஹம்சவேணியின் கையில்தான் இருந்தது. "நீங்கல்லாம் ஒல்லியா இருந்து என்னடி பிரயோஜனம், அவளப் பாருங்க" என்று பத்மாசினி சொல்லும்போது, அறையில் இருக்கிற அத்தனை பேரும் அவளை நம்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம்.

அதற்கு அவள் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. ஏகாதசி மதியம் ஆனால் அவளுக்குக் கை நடுங்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியும்.

டாக்டர் ஆர்த்திகாவிடம் அவள் தனியாகத்தான் போனாள். அண்ணா நகரில் உடல் பருமனுக்கென்றே நடக்கும் சின்ன கிளினிக் அது. அங்கே முதலில் எடை பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்கள்.

"பசின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. "உள்ள இருந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கும் டாக்டர். சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள திருப்பித் தட்டும்" என்றாள்.

"அத யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா சிரிப்பாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. வயிறு வெறும் பை இல்லை, அது பேசுகிற உறுப்பு என்றார். வயிற்றின் மேல்பகுதியில் கிரெலின் என்று ஒன்று சுரக்கிறது. சாப்பிட வேண்டிய நேரத்தில் அது ஏறி மூளையைத் தட்டும், சாப்பிட்டதும் இறங்க வேண்டும். சிலருக்கு அது சரியாக இறங்குவதில்லை. உடம்பிலுள்ள கொழுப்பு லெப்டின் என்று ஒன்றை அனுப்பி, "இருப்பு போதும்" என்று சொல்லும். பருமன் கூடக் கூட மூளை அந்தக் குரலுக்குச் செவிடாகிவிடுகிறது. குடலிலிருந்து ஜிஎல்பி என்று இன்னொன்று வந்து, "மெதுவாக, மெதுவாக" என்று வயிற்றைப் பிடித்து நிறுத்தும். அது குறைவாக இருக்கிறவர்களுக்கு வயிறு சீக்கிரம் காலியாகும். காலியானதும் பசி மறுபடி தட்டும்.

"நீங்க பேராசக்காரி இல்லம்மா. உங்க வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல பேச்சுவார்த்தை சரியில்ல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஹம்சவேணிக்கு ஆறுதலோடு ஒரு பயமும் வந்தது. பசி தன்னுடையது இல்லை, ஏதோ ஒரு சுரப்பினுடையது என்றால், அந்தப் பசியோடு மல்லுக்கட்டி இருந்த விரதங்கள் யாருடையவை? இந்தக் கேள்விக்குத் தத்துவம் படித்தவர்களிடமும் நேரான பதில் கிடையாது. அவள் பஸ் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாரம் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும், தானே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம். குடலிலிருந்து வரவேண்டிய அந்த "மெதுவாக"வை வெளியிலிருந்து கொடுக்கிற மருந்து. குளிரில் வைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் பத்மாசினியின் பூஜைப் பூவும் தயிரும் இருக்கும், நாளைக்குப் பத்துத் தடவை அவர் கை அதற்குள் போகும். ஊசி போட்டு இளைக்கிறாள் என்று தெரிந்தால், ஊசி போட்டுத்தான் விரதமும் இருக்கிறாள் என்று அடுத்த வாக்கியம் வரும்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் மினி லாரி ஓட்டுகிறார். அவளுடைய மகள் டியூஷனுக்கு வருகிறாள்.

"வைங்க டீச்சர், அதுக்கென்ன" என்று கதவைத் திறந்து காட்டினாள் பாண்டியம்மாள். "கீழ அயிர மீனு. நடுவுல ஆட்டு ரத்தம். மேல ஒங்க மருந்து. ஒங்க பெருமாளு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரா?"

"பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எங்க நாத்தனாருதான்."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்கு அவுக வர மாட்டாக. மீன் வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டுல்ல தாண்டிப் போறாக."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் குழம்பு வாசனைக்கு நடுவே, பாண்டியம்மாளின் பீரோ அறையில் ஹம்சவேணி ஊசி போட்டுக்கொண்டாள்.

தட்டுதல் நின்றது. படிப்படியாகக் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை, ஒரு நாள் சுத்தமாக நின்றுபோனது. பிறந்த நாளிலிருந்து அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் அது யாருக்கோ வைத்த சோறு போல் தெரிந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்காது. உடம்பு இளைத்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிற்றில் கை வைத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது போலக் கவனித்துக்கொண்டிருப்பாள்.

ஊசிக்குப் பின் வந்த முதல் ஏகாதசியில் கை நடுங்கவில்லை. மறுநாள் கரண்டியைப் பிடித்தபோதுதான் நடுங்கியது.

"ஒண்ணுமே பசிக்கல பாண்டியம்மா. அப்ப அது விரதமா?" என்று மதில் ஓரம் நின்று கேட்டாள்.

"சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"அப்ப வெரதந்தான். பசிச்சா என்ன, பசிக்காட்டி என்ன? சாமி வந்து வயித்துல காத வச்சா கேக்கப் போகுது?"

அது போதவில்லை. ஆனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது.

ஊசியின் அளவைக் கூட்டிய மாதம் வயிறு வேறு விதமாகப் பேச ஆரம்பித்தது. காலையில் ஏப்பம் விட்டால் முந்தின நாள் மதியத்து ரசம் மணத்தது. வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுக்குப் போனது. ஒரு நாள் டியூஷன் நடுவில் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். வெங்கடேஷ்பாபு பயந்துபோய்க் கடைக்கு லீவு போட்டு, மாட்டுத்தாவணிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம், அதற்கு முன் வயிற்றுக்குள் குழாய் விட்டு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்கள்.

"வேற மருந்து ஏதாச்சும் எடுக்கிறீங்களா?" நர்ஸ் கேட்டாள்.

"தைராய்டு மாத்திர ஒண்ணுதான் சிஸ்டர்" என்று வெங்கடேஷ்பாபு பதில் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நர்ஸ் ஹம்சவேணியைப் பார்த்தாள். ஹம்சவேணி தன் செருப்பைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. அவளை மன்னிக்கவும் வேண்டியதில்லை, கடியவும் வேண்டியதில்லை. பயந்தவர்கள் பெரும்பாலும் செருப்பைத்தான் பார்க்கிறார்கள்.

குழாய் விட்டுப் பார்க்கும் தேதியைத் தேர்ந்தெடுத்தவன் அவன். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொன்னதும் காலண்டரைப் பார்த்துவிட்டு, "துவாதசிக் காலையில வச்சுக்குவோம் சார். முந்தின நாள் ஏகாதசி. இவ பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டா. இதவிட வெறும் வயிறு ஒங்களுக்கு எங்க கிடைக்கும்?" என்றான். சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது.

தசமி மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. சோறு, மோர்க்குழம்பு, பச்சைப்பட்டாணிப் பொரியல். நாலு வாய் இறங்கினாலும், மறுநாள் விரதமாயிற்றே என்று இன்னும் இரண்டு வாய் வற்புறுத்தித் தள்ளினாள். மீந்த பொரியலை ஏகாதசி காலையில் சூடாக்கி, கணவனுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். அவன் விரதம் இருப்பதில்லை.

துவாதசிக் காலையில் தொண்டையில் கசப்பு மருந்தை அடித்து, இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தைச் செருகினார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது செத்துவிடுவோம் என்று நினைத்தாள். மூச்சு இருக்கிறது, மூக்கால் விடுங்க, மூக்கால் விடுங்க என்று நர்ஸ் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எதிரே டிவி போல ஒரு திரை. இளஞ்சிவப்பாக ஈரச் சுவர் தெரிந்தது. தன் வயிற்றை முதல் முறையாகப் பார்க்கிறோம் என்று அந்தப் பயத்திலும் அவளுக்குத் தோன்றியது.

பிறகு பட்டாணி தெரிந்தது.

ஒன்று இரண்டு இல்லை. சோற்றுக் குழம்பலுக்கு நடுவே தோல் கழன்றும் கழலாமலும் பட்டாணிகள். அவற்றின் மேல் ஒரு கறிவேப்பிலை, காம்போடு, தாளித்த அன்று இருந்தது போலவே மடங்காமல் கிடந்தது.

"வெளிய எடு" என்றார் டாக்டர். குழாய் உருவிக்கொண்டு வந்தது. "யாரும்மா வெறும் வயிறுன்னு சொன்னது? இத்தோட மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இதெல்லாம் மேல வந்து நுரையீரல்ல எறங்கியிருக்கும். உயிரோட வெளிய வந்திருப்பீங்களா?"

அவளால் பேச முடியவில்லை. நாக்கும் தொண்டையும் மரத்துப்போயிருந்தன. தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை, இல்லை என்று.

"பட்டாணிப் பொரியலாக்கா?" என்று நர்ஸ் வளையத்தைக் கழற்றினாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "நல்லாத்தான் தாளிச்சிருக்கீங்க. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

வெளியே வெங்கடேஷ்பாபு நின்றிருந்தான். "சார், நேத்து ஏகாதசி" என்று ஆரம்பித்தான்.

"நான் ஏகாதசியப் பார்க்கல சார், வயித்தத்தான் பார்த்தேன்" என்றார் டாக்டர்.

டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. அவன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, வேளாண்மைக் கல்லூரி ஸ்டாப் தாண்டியதும், குனிந்து மெதுவாகச் சொன்னான். "நேத்து எனக்கு டப்பாவுல வச்சியே, அதே பட்டாணிதான?"

அவள் தலையசைத்தாள்.

"பசிச்சா சொல்லியிருக்கலாம் வேணி. நான் என்ன சொல்லப் போறேன்."

அவன் திட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். இப்படிக் கனிவாகச் சொன்னதில் அவளுக்குப் பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை.

மாடியில் கோஷ்டிப் பெண்கள் இலை போட்டுக் காத்திருந்தார்கள். தம்பி சொன்னதைப் பத்மாசினி படியிலேயே நின்று கேட்டார். அவர்கள் வீட்டு மொழியில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முடியாதவங்க பால் சாப்பிடலாம், பழம் சாப்பிடலாம்னு சாஸ்திரத்துலயே வழி வச்சிருக்கு. ஒளிஞ்சு பட்டாணி சாப்பிடலாம்னு எதுல இருக்கு?" யாரோ உள்ளே களுக்கென்று சிரித்தார்கள். கரண்டியை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டாள்.

"நான் சாப்பிடல அக்கா" என்றாள் ஹம்சவேணி. தொண்டை மரப்பு விட்டு வந்த முதல் வார்த்தை அது.

"அப்ப பட்டாணி நடந்து உள்ள போச்சாக்கும்."

அன்று கீழே வந்து படுத்தவளுக்கு அவமானத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. திரையில் பார்த்தது பொய் இல்லை. தசமி மதியம் சாப்பிட்டது துவாதசிக் காலை வரை இருக்குமா? ஒரு இரவைக் கடந்தாலே எல்லாம் கரைந்துவிடும் என்றுதான் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அவள் ஏகாதசியன்று சாப்பிட்டிருக்கிறாள். எப்போது? டப்பாவில் வைக்கும்போது விரலை நக்கினோமா? இல்லை, அங்கே கிடந்தது ஒரு விரல் அளவு இல்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு அசந்து தூங்கினாள். எழுந்தபோது நாலு. நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தில் சாப்பிடுகிறவர்களும் இருப்பதாக ஃபோனில் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். தட்டுதல் நின்றுபோனது என்று நினைத்தோமே, அது நிற்காமல், தான் கண் மூடும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறதோ?

இவ்வளவு வருஷம் ஊர் சந்தேகப்பட்டபோது, தனக்காவது தெரியும் என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகு மதியத்தில் கண் அசருமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். கோலமாவை எடுத்து அடுக்களை வாசலில் சலித்தாற்போலத் தூவிவிட்டுப் படுப்பாள். எழுந்ததும் முதலில் அங்கே போய்க் குனிந்து பார்ப்பாள். தன்னுடைய காலடி இருக்கிறதா என்று. இருக்காது. விரல்களை முகர்ந்து பார்ப்பாள். நெய் வாசனை இருக்காது. ஆனாலும் நிம்மதி வராது. தெரிந்து தாண்டிப் போயிருக்கலாமே. மாவைத் தூவியவளுக்கு மாவு இருக்கும் இடம் தெரியாதா?

தூங்கவே பயப்பட ஆரம்பித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்தது. டியூஷனில் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். சொன்னதே அவளுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் வீட்டில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததையும் மாவு தூவுவதையும் சொன்னாள். பாண்டியம்மாள் மீன் ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"எனக்கே பயமா இருக்கு டீச்சர், நீங்க சொல்றது" என்றாள் கடைசியில். "இதக் குடுத்த டாக்டரம்மாகிட்டப் போங்க. எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்ல? நான் ஆட்டுக் கொடலு கழுவுனவ. மனுசக் கொடல எங்க கண்டேன்?"

"அவங்களும் அப்படியான்னு கேட்டா?"

"கேக்கட்டுமே. ஊசிய இங்க வச்சிட்டுப் போங்க. போட வேணாம். நானும் வாரேன், வாங்க."

பாண்டியம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு அன்று மாலையே அவளோடு பஸ் ஏறினாள். கிளினிக்கில் காத்திருந்த நேரம் முழுக்க, ஹம்சவேணியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களின் சேலை விலையைக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆர்த்திகா முழுவதையும் கேட்டார். "குழாய் விட்டவங்ககிட்ட ஊசியப் பத்திச் சொன்னீங்களா?"

"கேட்டாங்க. அவரு தைராய்டு மட்டும்னு சொல்லிட்டாரு."

"நீங்க?"

ஹம்சவேணி இங்கேயும் செருப்பைப் பார்த்தாள்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. உங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். இந்த ஊசி பசிய மட்டும் அடக்குறதில்லம்மா. வயித்தோட கீழ் வாசலையே இறுக்கிப் பிடிக்குது. சாப்பாடு கீழ எறங்காம அங்கயே கிடக்கும். அளவு கூட்டின நேரத்துல இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் முந்தின நாள் ரசம் ஏப்பத்துல வந்துச்சு. நீங்க பார்த்தது தசமிப் பட்டாணி."

"ஏகாதசிப் பட்டாணி இல்லையா?"

"நீங்க சாப்பிடல. தூக்கத்துலயும் சாப்பிடல."

ஹம்சவேணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று பாண்டியம்மாள் முந்தானையை நீட்டினாள். அழுகை வரவில்லை. "மயக்க மருந்து குடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

"குழாய் விட்ட டாக்டர் சொன்னது உண்மைதான். பிழைக்கிறது கஷ்டம்."

ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. முதலாவது, தான் யார் என்பது பற்றியது. இரண்டாவது, தான் இல்லாமல் போவது பற்றியது. இரண்டாவது அவளுக்குக் கொஞ்சம் இலகுவாகத் தெரிந்தது என்றால் வெளியாருக்குப் புரியாது.

ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் தானே பேசுவதாக ஆர்த்திகா சொன்னார். ஊசியைச் சில வாரம் நிறுத்த வேண்டும், முந்தின நாள் முழுக்க நீர் ஆகாரம், ஆபரேஷன் அன்று மயக்க மருந்து கொடுப்பவர் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்த பிறகுதான் கையை வைப்பார். "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. நான் சொல்றேன். உங்க நாத்தனாரும் வரட்டும். நீங்க சாப்பிடலன்னு எழுதியே தரேன்."

"பார்க்கிறேன் டாக்டர்" என்றாள் ஹம்சவேணி.

ஊசி நின்றது. நாட்கள் போகப் போக மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது உள்ளே தட்டியது. வந்துவிட்டதே என்று நடுங்கினாள். வந்துவிட்டது என்று மூச்சும் விட்டாள். இடையில் ஒரு ஏகாதசி வந்தது. மாடியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவள் கீழே தன் அறையில் தனியாக, கை நடுங்க, எழுத்து இரண்டாகத் தெரிய, பொழுது சாயும் வரை இருந்தாள். சாப்பிட்டாயா என்று வெங்கடேஷ்பாபு கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று அவனுக்குத் தயக்கம். அவனுடைய நல்ல மனசு அப்படி வேலை செய்தது.

கணவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று பாண்டியம்மாள் தினமும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

ஆபரேஷன் அன்று காலை பச்சை கவுனில் ஹம்சவேணியைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மேலே குழல் விளக்கு. இதுதான் கடைசியாகப் பார்க்கிற கூரையோ என்று எண்ணாமல் இருக்க, விளக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சின்ன வயசுக்காரர். பசையைத் தடவி, தொப்புளுக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"காலியா இருக்கு. சுத்தமா. நீங்களே பாருங்க."

பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்த ஒரு மடிப்பு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் சொன்ன குரலில் சந்தேகம் இல்லை.

"ஆர்த்திகா மேடம் எல்லாம் சொன்னாங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுல இன்னும் நீங்க சாப்பிட்டு வந்ததாத்தான் நெனச்சிட்டு இருக்காங்களாமே. வெளியதான் நிக்கிறாங்க. கூப்பிட்டு நானே ரெண்டு வார்த்த சொல்லிடட்டுமா? ஒரு நிமிஷ வேல."

அவள் பதில் சொல்வதற்குள், உள்ளே கொண்டுபோகும் முன் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நர்ஸே அவர்களைக் கூட்டி வந்துவிட்டாள். வெங்கடேஷ்பாபுவின் முகம் சவரம் செய்யாமல் இருந்தது. பத்மாசினி கையில் துளசி மணி உருண்டுகொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. என்ன இருந்தாலும் அவரும் பயந்துதான் இருந்தார்.

வெங்கடேஷ்பாபு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டாக்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வேணி, கோவிச்சுக்காத. உயிர் விஷயம். அதனாலதான் கேக்குறேன். இந்தத் தடவை நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையே?"

மயக்க மருந்து டாக்டர் பேச வாயெடுத்தார். ஹம்சவேணி ஊசி குத்தியிருந்த கையைக் கொஞ்சம் தூக்கி அவரை நிறுத்தினாள். நாத்தனாரைப் பார்த்து, பிறகு கணவனைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"அன்னைக்குச் சாப்பிட்டேன். இன்னைக்குச் சாப்பிடல."

வெங்கடேஷ்பாபுவின் தோள்கள் தளர்ந்தன. உடனே நம்பிவிட்டான். பத்மாசினி குனிந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "அவ்வளவுதான. இத அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல, அசடு" என்றார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையுறையை எடுக்கத் திரும்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து தையல் ஆறிய பிறகு, ஒரு மத்தியானம் பாண்டியம்மாள் மதிலில் கை ஊன்றி, ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படி ஏன் சொன்னீக டீச்சர்?" என்று கேட்டாள். ஹம்சவேணி கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். "சாப்பிடலன்னு சொன்னப்ப யாரும் நம்பல. சாப்பிட்டேன்னு சொன்னதும் உடனே நம்பிட்டாங்க" என்று சொல்லி, எடுத்து முடித்துவிட்டு உள்ளே போனாள்.